கடலூர் முற்றுகையில் ஜெர்மன் காலாட்படை: ஹனோவர் படைப்பிரிவுகள் (1782 முதல்)

ஹனோவர் படைப்பிரிவுகள் என்பவை, இரண்டாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தமிழகத்துக்கு அனுப்பப்பட்ட இரண்டு ஜெர்மன் காலாட்படை ரெஜிமெண்டுகள் ஆகும். 1781இல் ஜெர்மனியில் திரட்டப்பட்ட இவற்றின் முதற்பகுதி 1782 அக்டோபரில் சென்னையில் கரையிறங்கியது. 1783 ஜூன் மாதம் நடந்த கடலூர் முற்றுகையே இவை பங்குகொண்ட பெரும்போர். அதன்பின் இப்படையினர் பல ஆண்டுகள் சென்னை, ஆர்க்காடு வட்டாரத்தில் காவற்படையாக இருந்து, 1790களின் தொடக்கத்தில் ஊர் திரும்பினர்.

போரையும் ஜெர்மானியரையும் சேர்த்துப் பேசினால் தமிழ்நாட்டில் உடனே நினைவுக்கு வருவது 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய எம்டன் கப்பல்தான். அதற்கு 131 ஆண்டுகளுக்கு முன்பே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் காலாட்படையினர் சோழமண்டலக் கரையில் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள் என்பது பாடப்புத்தகங்களில் இடம்பெறாத செய்தி. எம்டன் வந்தது ஆங்கிலேயருக்கு எதிராக. ஹனோவர் படை வந்தது ஆங்கிலேயருக்குத் துணையாக.

ஹனோவர் யார்?

ஹனோவர் வடஜெர்மனியில் இருந்த ஒரு சிற்றரசு. அதன் ஆட்சியாளர் முதலாம் ஜார்ஜ் 1714இல் இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அன்றுமுதல் 1837 வரை ஒரே மன்னர் இரு நாடுகளையும் ஆண்டார். ஆனால் நாடுகள் இரண்டும் ஒன்றாகவில்லை. சட்டம் வேறு, கருவூலம் வேறு, படையும் வேறு. ஆகவே மூன்றாம் ஜார்ஜ் இங்கிலாந்தின் அரசராக இருந்துகொண்டே, ஹனோவரின் ஆட்சியாளர் என்ற முறையில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தனி ஒப்பந்தம் செய்ய முடிந்தது. ஒரு வணிகக் கம்பெனிக்கு ஓர் அரசர் படை கொடுத்த கதை இது.

அக்காலத்தில் இது விநோதமான ஏற்பாடு அன்று. அமெரிக்க விடுதலைப் போரில் ஹெஸ்ஸே முதலிய ஜெர்மன் சிற்றரசுகள் சுமார் 30,000 பேரை இங்கிலாந்துக்குக் கூலிக்குக் கொடுத்திருந்தன. ஹனோவரின் பழைய ரெஜிமெண்டுகள் சில அதே சமயத்தில் ஸ்பெயினின் தெற்கு முனையிலுள்ள ஜிப்ரால்டர் கோட்டையைக் காத்துக்கொண்டிருந்தன. இந்தியாவுக்கு என்று திரட்டப்பட்டவையோ புதிய ரெஜிமெண்டுகள். விருப்பத்தின்பேரில் சேர்ந்தவர்களைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 1,000 பேர் என்ற கணக்கில் அவை அமைக்கப்பட்டன. கர்னல் ரைன்போல்ட், கர்னல் வாங்கன்ஹைம் ஆகியோர் தலைமை ஏற்றனர். ஊதியமும் உணவும் கம்பெனியின் பொறுப்பு. படைவீரர் மீதான நீதி விசாரணை மட்டும் ஹனோவரின் சொந்தச் சட்டப்படி நடந்தது.

ஆங்கிலேயக் காலாட்படையைப் போலவே ஹனோவர் காலாட்படையும் சிவப்பு மேலங்கிதான் அணிந்தது. தொண்டை மண்டலத்துக் கிராமத்தான் ஒருவன் இவர்களைச் சாலையோரத்தில் பார்த்திருந்தால், மற்ற வெள்ளைக்காரர்களிடமிருந்து பிரித்தறிய அவனுக்கு வழியே இருந்திருக்காது. பேச்சைக் கேட்டால்தான் உண்டு.

பஞ்சத்தின் நடுவே கரையிறங்கியவர்கள்

இவர்கள் வந்து சேர்ந்த நாடு எரிந்துபோயிருந்தது. 1780 ஜூலையில் ஹைதர் அலி மலைக்கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஆங்கிலேயருக்குத் தானியமும் கால்நடையும் கிடைக்கக்கூடாது என்பது மைசூரின் போர்முறை. ஆகவே ஊர்கள் கொளுத்தப்பட்டன, ஏரிகள் உடைக்கப்பட்டன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஜெனரல் அயர் கூட் வெற்றி பெற்றார். ஆனால் நாட்டுப்புறம் அவர் கைக்கு வரவில்லை. 1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் ஹைதரின் உதவியோடு கடலூரைப் பிடித்தார்கள். அடுத்த மாதம் பெருமுக்கல் மலைக்கோட்டையும் விழுந்தது.

உழவர்கள் பிழைக்க வழியின்றிச் சென்னைக்கு ஓடி வந்தார்கள். நகரம் கடல் வழியாக வரும் அரிசியை நம்பியிருந்தது. 1782 அக்டோபர் 15 அன்று வீசிய பெரும்புயல், சென்னைத் துறையில் நின்ற அரிசிக் கப்பல்களையும் தோணிகளையும் சிதறடித்தது. ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ் தம் கப்பல்களோடு பம்பாய்க்குச் சென்றுவிட்டார். புயலுக்கு நான்கு நாள் கழித்து அட்மிரல் பிக்கர்ட்டனின் கப்பல்கள் நங்கூரமிட்டன. அவற்றில்தான் ஆங்கிலேய ரெஜிமெண்டுகளோடு ஹனோவர் படையின் முதற்பகுதியும் வந்தது. மாதக்கணக்கில் கடலில் கிடந்து இளைத்த ஐரோப்பியர், பசியால் செத்துக்கொண்டிருந்த ஒரு நகரத்தில் இறங்கினார்கள். சென்னையில் இன்றும் பெயர் வழங்கும் மணியக்காரர் சத்திரம் அந்தப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியாகத் தொடங்கியதுதான்.

தாய்மொழி பேசுவோர் ஒருசிலர் அவர்களுக்குக் கிடைத்தனர். ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு லூத்தரன் சமய ஊழியர்கள் 1706 முதலே வந்துகொண்டிருந்தார்கள். சென்னை வேப்பேரியில் யோகான் பிலிப் பப்ரிசியஸ் அப்போது முதியவராக வாழ்ந்துவந்தார்; 1779இல் தமிழ் ஆங்கில அகராதி வெளியிட்டவர் அவர். கடலூரில் இருந்த கெரிக்கே, பிரெஞ்சுக்காரர் நகரைப் பிடித்தபோது அங்கேயே தங்கியிருந்தார். அவருடைய தேவாலயம் வெடிமருந்துக் கிடங்காக மாற்றப்பட்டது. பிறகு அவர் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். ஆக, தமிழ் நன்கு கற்ற ஜெர்மானியர்களும் தமிழ் ஒரு சொல்லும் அறியாத ஜெர்மானியர்களும் ஒரே கரையில் ஒரே காலத்தில் இருந்தார்கள்.

மரக்காணம் கடற்கரையும் படைவழியும்

1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே ஹைதர் அலி இறந்தார். திப்பு மேற்கே மலபாரில் இருந்தார். அந்த இடைவெளியில் அடித்திருந்தால் போர் முடிந்திருக்கும் என்று பல ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் சென்னைப் படைத்தலைவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டைக் குறை கூறியுள்ளனர். மாடும் அரிசியும் இல்லாமல் படை எப்படி நகரும் என்பது ஸ்டூவர்ட்டின் பதில். எது சரி என்று இன்று தீர்ப்பது கடினம். ஆனால் அந்த ஆண்டில் தொண்டை மண்டலத்தில் வண்டி மாடு அரிதாகிவிட்டது என்பதை மறந்துவிட்டு இந்தக் குறையைப் பேசுவது நியாயமாகாது. 1783 பிப்ரவரியில் அவர் வந்தவாசி வரை சென்று, வந்தவாசி, கருங்குழிக் கோட்டைகளைத் தகர்த்துவிட்டுத் திரும்பினார்.

ஏப்ரல் 21 அன்று கடலூரை நோக்கிப் படை புறப்பட்டது. தூரம் சுமார் 180 கிலோமீட்டர். இன்று பேருந்தில் நான்கு மணி நேரம். படை போய்ச்சேர்ந்ததோ ஜூன் தொடக்கத்தில்.

சென்னைக்கும் கடலூருக்கும் நடுவே இருப்பது மரக்காணம் உப்பளக் கரை. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுவே என ஆய்வாளர் கருதுவர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைக் குறிப்பிடுகின்றன. தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளையும் இடமாக இன்றும் இது பேசப்படுகிறது. வடக்கே சிறிது தொலைவில் ஆலம்பரைக் கோட்டை. அங்கே ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் நாணயச்சாலை இயங்கியது. 1760இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றிச் சிதைத்தனர். மேற்கே திண்டிவனம் செல்லும் வழியில் பெருமுக்கல் மலை.

வரைபடத்தைப் பார்ப்பவருக்கு, படை ஏன் நேராகக் கடலோரமாகப் போகவில்லை என்று தோன்றலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது மிக அண்மையில்தான். மரக்காணத்துக்குப் பின்னால் கழுவெளிச் சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. உப்பளப் பாத்திகளுக்கு இடையே பீரங்கி வண்டி போகாது. உப்பங்கழித் தண்ணீரை மாடும் குடிக்காது, மனிதனும் குடிக்க முடியாது. ஆகவே இந்தப் போரில் இருதரப்புச் சேனைகளும் பெரும்பாலும் கருங்குழி, பெருமுக்கல், கிளியனூர் என்று ஏரிகளை ஒட்டிய உள்வழியிலேயே நகர்ந்தன. 1782 மே மாதம் கூட் ஹைதரை எதிர்கொள்ளச் சென்றது கிளியனூர்ப் பக்கம்தான். பெருமுக்கல் மலைக்கு இவ்வளவு சண்டை நடந்ததற்கும் இதுவே காரணம்: கடலோரச் சதுப்புக்கு மேற்கே செல்லும் வழியை அந்தக் குன்றிலிருந்து கண்காணிக்கலாம்.

ஏப்ரல், மே மாதங்கள் உப்பு வாருவதற்கு உகந்த காலம். அந்த வெயிலில்தான் கனத்த கம்பளி மேலங்கியோடு வடஜெர்மானியர்கள் நடந்தார்கள். சூரிய வெப்பம், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவை எதிரியின் குண்டுக்கு முன்பே ஆட்களைக் குறைப்பது இக்கரையில் ஐரோப்பியப் படைகள் எல்லாவற்றுக்கும் நேர்ந்த அனுபவம்.

1783 ஜூன்: கடலூர்

ஸ்டூவர்ட்டின் படையில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தனர். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் சென்னை, வங்காளச் சிப்பாய்கள். ஐரோப்பியர் சிறுபான்மையே, அந்தச் சிறுபான்மைக்குள் ஒரு பகுதிதான் வாங்கன்ஹைம் தலைமையிலான ஹனோவர் படை. எதிரே கடலூருக்குள் மார்க்கி தெ புஸ்ஸி இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் புகழ்பெற்ற அதே புஸ்ஸி, இப்போது கிழவர், வாத நோயாளி. அவரிடம் பிரெஞ்சு ரெஜிமெண்டுகளோடு மைசூர்ப் படையும் இருந்தது. பிரெஞ்சு மன்னரின் ஊதியத்தில் இருந்த லா மார்க் என்ற ரெஜிமெண்ட்டும் அங்கே நின்றது. அது ஜெர்மானியர்களைக் கொண்டு அமைந்த படை. கடலூர் மணலில் இரு தரப்பிலும் ஜெர்மன் மொழியில் கட்டளைகள் ஒலித்தன. அவர்களில் எவருக்கும் கடலூரோடு எந்த வழக்கும் இல்லை.

ஸ்டூவர்ட் நகரைச் சுற்றிக்கொண்டு தெற்கே வந்து, குன்றுகளுக்கும் கடலுக்கும் இடையே பாசறை அமைத்தார். புஸ்ஸி கோட்டைக்கு வெளியே அவசர அவசரமாக மண் அரண்களை எழுப்பினார். ஜூன் 13 விடியற்காலையில் கர்னல் கெல்லியின் பிரிவு, மைசூர்ப் படை காத்துநின்ற குன்றுகளைப் பிடித்தது. ஆங்கில நூல்களில் பாண்டிப்பொல்லம் என்று திரிந்து காணப்படும் அந்த இடம், கேப்பர் மலையை ஒட்டிய இன்றைய வண்டிப்பாளையமே. பிறகு முதன்மை அரணின்மீது நேர்த் தாக்குதல் நடந்தது. அது முறியடிக்கப்பட்டது. பின்வாங்கியவர்களைத் துரத்திக்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் அரணை விட்டு வெளியே ஓடிவந்தார்கள். காலியான அரணுக்குள் வேறொரு ஆங்கிலேயப் பிரிவு பக்கவாட்டில் புகுந்தது. பகல் வெயிலில் இரு தரப்பும் களைத்து நின்றன. இரவில் புஸ்ஸி எல்லாரையும் கோட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

வெற்றி யாருக்கு? ஆங்கிலேயர் அரணைப் பிடித்தார்கள். ஆனால் அந்த ஒரே நாளில் அவர்கள் இழந்தவர்கள், இறந்தோரும் காயமுற்றோருமாக ஏறத்தாழ 1,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர். கப்பலேறி உலகைச் சுற்றி வந்த ரெஜிமெண்டுகளுக்கு ஈடாக ஆள் கிடைக்க ஓர் ஆண்டு ஆகும். இன்னொரு ஜூன் 13ஐ ஸ்டூவர்ட்டால் தாங்கியிருக்க முடியாது.

முற்றுகையின் தலைவிதி கடலில் தீர்ந்தது. படைக்கு வேண்டிய அரிசி கடல்வழியே வந்தாக வேண்டும். ஜூன் 20 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென் 15 போர்க்கப்பல்களோடு, ஹியூஸின் 18 கப்பல்களைக் கடலூருக்கு எதிரே தாக்கினார். கப்பல் எதுவும் மூழ்கவில்லை. ஆனால் ஹியூஸின் மாலுமிகள் ஸ்கர்வி நோயால் விழுந்துகொண்டிருந்தார்கள், குடிநீரும் தீர்ந்துவந்தது. அவர் சென்னைக்குப் போய்விட்டார். சுஃப்ரென் சுமார் 2,400 பேரைக் கரையிறக்கி புஸ்ஸிக்குக் கொடுத்தார். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள் அகப்படும் நிலை உருவானது.

ஜூன் 25 அதிகாலை பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை விட்டு வெளியேறி, முற்றுகைப் பதுங்குகுழிகள்மீது பாய்ந்தார்கள். அத்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. தலைமை தாங்கிய செவாலியே தெ தமாஸ் சிறைப்பட்டார். அன்று வங்காளச் சிப்பாய்கள் ஐரோப்பியக் காலாட்படையைத் துப்பாக்கிக் கத்தியால் நேருக்கு நேர் எதிர்த்து நின்றது ஆங்கிலேய நூல்களில் வியப்போடு பேசப்படுகிறது. வியப்பதற்கு என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி.

சில நாட்களில் மெடியா என்ற கப்பல் சமாதானக் கொடியோடு வந்தது. ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் 1783 ஜனவரி 20 அன்றே தொடக்க உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. செய்தி வந்துசேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஜூலை 2 அன்று சண்டை நின்றது. அதாவது ஜூன் 13, 20, 25 ஆகிய மூன்று நாட்களிலும் விழுந்தவர்கள் அனைவரும், போர் முடிந்த பிறகு இறந்தவர்கள். கடலூருக்கும் லண்டனுக்கும் இடையே இருந்த கடல்தூரமே அவர்களைக் கொன்றது என்றால் மிகையில்லை.

ஸ்டூவர்ட்டின் கதை வேறுவிதமாகத் தொடர்ந்தது. ஆளுநர் மெக்கார்ட்னி அவரைப் பதவிநீக்கிச் சிறைப்பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1786 ஜூன் மாதம் லண்டனில் இருவரும் துப்பாக்கியால் ஒண்டிக்கு ஒண்டி மோதினார்கள். 1781இல் இப்போரிலேயே ஒரு காலை இழந்திருந்த ஸ்டூவர்ட் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று சுட்டார். மெக்கார்ட்னி காயமடைந்தார்.

பெர்னடோட் கதை

ஜூன் 25 தாக்குதலையொட்டி ஒரு கதை வழங்குகிறது. காயம்பட்டுச் சிறைப்பட்ட பிரெஞ்சுச் சார்ஜண்ட் ஒருவனுக்குக் கர்னல் வாங்கன்ஹைம் பரிவோடு சிகிச்சை அளிக்கச் செய்தாராம். பல ஆண்டுகளுக்குப் பின் நெப்போலியனின் மார்ஷல் பெர்னடோட் ஹனோவரின் ஆளுநராக வந்தபோது, முதியவரான வாங்கன்ஹைமை அழைத்து, அந்தச் சார்ஜண்ட் நான்தான் என்று சொன்னாராம். பெர்னடோட் பின்னாளில் ஸ்வீடனின் மன்னர் பதினான்காம் சார்லஸ் ஜான் ஆனவர். கதை அழகாக இருப்பதால் பல நூல்களில் இடம்பிடித்துவிட்டது. ஆனால் பெர்னடோட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அவர் சேர்ந்திருந்த ரெஜிமெண்ட் கார்சிகாத் தீவில் பணியாற்றியது. சிறைப்பட்ட சார்ஜண்ட் ஒருவன் இருந்திருக்கலாம். அவன் மன்னனாகியிருக்க வேண்டியதில்லை.

சண்டையில்லாத ஆண்டுகள்

1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கையோடு மைசூர்ப் போர் முடிந்தது. 1785இல் கடலூர் ஆங்கிலேயரிடமும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடமும் திரும்பின. ஒப்பந்தக் காலம் முடியாததால் ஹனோவர் படைகள் தங்கின. ஆர்க்காட்டிலும் சென்னை வட்டாரத்திலும் பாசறை வாழ்க்கை. ஆங்கிலேய அதிகாரிகளோடு பதவி வரிசை, படி ஆகியவை குறித்த பூசல்கள் ஓயவில்லை. ஒரே மன்னரின் இரு படைகள். ஆனால் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதில் ஒப்புதல் இல்லை.

இந்த ஆண்டுகளின் பயன் எழுத்தாக வந்தது. படையோடு வந்த சமய குரு லாங்ஸ்டெட் 1789இல் தம் பயண நூலை ஜெர்மனியில் வெளியிட்டார். ஆர்க்காட்டு வாழ்க்கையைக் கண்ட அதிகாரி பெஸ்ட் எழுதிய கடிதங்கள் 1807இல் நூலாயின. ஆங்கிலேயரின் கணக்கேடுகளுக்கும் சமய ஊழியர்களின் அறிக்கைகளுக்கும் வெளியே, பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தைப் பார்த்த மூன்றாவது கண் இந்நூல்களில் இருக்கிறது. இவை தமிழில் வர வேண்டியவை.

ஊர் திரும்பியவர்களைப் போலவே திரும்பாதவர்களும் ஏராளம். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது போரல்ல, நோய். ஜிப்ரால்டரைக் காத்த ஹனோவர் ரெஜிமெண்டுகளின் வழித்தோன்றல்கள், 1918 வரை தங்கள் சட்டைக் கைகளில் ஜிப்ரால்டர் என்று பொறித்த பட்டையை அணிந்தார்கள். கடலூருக்கு அப்படி ஒரு பட்டை தரப்படவில்லை.

கார்ல் ஷ்லேகல்

திரும்பாதவர்களில் ஒருவர் கார்ல் ஆகஸ்ட் ஷ்லேகல் என்ற இளம் அதிகாரி. 1761இல் பிறந்தவர். கர்நாடகப் பகுதியின் நில அளவைப் பணியிலும் ஈடுபட்டார். 1789 செப்டம்பரில் சென்னையில் காலமானார், வயது 28. அப்போது அவருடைய தம்பிகள் ஆகஸ்ட் வில்ஹெல்முக்கு 22, பிரெடரிக்குக்கு 17. அவ்விருவருமே பின்னாளில் ஜெர்மன் இலக்கியத்தில் கற்பனாவாத இயக்கத்தின் முன்னோடிகளாயினர். பிரெடரிக் 1808இல் இந்தியரின் மொழியையும் ஞானத்தையும் பற்றிய நூலை வெளியிட்டார். ஆகஸ்ட் வில்ஹெல்ம் 1818இல் பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, ஜெர்மனியில் சமஸ்கிருதக் கல்விக்கு அடித்தளமிட்டார். 1823இல் பகவத்கீதையை லத்தீன் மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். சென்னையில் மறைந்த அண்ணனுக்காக அவர் இரங்கற்பா ஒன்றும் எழுதினார்.

அண்ணன் அளந்ததும் மறைந்ததும் தமிழ் மண்ணில். தம்பிகள் கற்றதோ பாரிஸில் கிடைத்த சமஸ்கிருதச் சுவடிகளை. ஜெர்மனியில் தமிழ் நூல்களுக்கு அத்தகைய பதிப்பு கிடைக்க, 1854இல் கார்ல் கிரௌல் தம் தமிழ் நூல் வரிசையைத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிரௌலும் படைவீரர்களின் வழி வந்தவரல்லர். பப்ரிசியஸ், கெரிக்கே போன்ற லூத்தரன் சமய ஊழியர்களின் வரிசையில் வந்தவர்.